காலமும் சொல்லும்: இலக்கியக் கட்டுரைகளுக்கான ஒரு திருத்தச் சேவையைப் பற்றிய மதிப்பீடு

இலக்கியத்தைப் பற்றிய கட்டுரைகளை மட்டுமே ஏற்றுத் திருத்தித் தரும் இணையவழிச் சேவை ஒன்றை, என் வழிகாட்டுதலில் பயிலும் முதுகலை மாணவர்களும் ஆய்வாளர்களும் சில பருவங்களாகப் பயன்படுத்திவருகிறார்கள். அவர்கள் அனுப்பிய மூலப்படிகளையும் திருத்தப்பட்டுத் திரும்பிவந்த படிகளையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் படித்த பிறகு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். இதே முறையில் இயங்கும் வேறு சேவைகளைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கும் இது பயன்பட வேண்டும் என்பதால் சேவையின் பெயரைத் தவிர்க்கிறேன். எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது, எந்தத் திருத்தத்தை ஏற்க வேண்டும், எதைத் துணிந்து மறுக்க வேண்டும் என்பவையே இங்கே முக்கியமானவை.

எழுத்துப்பிழை, சந்திப்பிழை நீக்கம் இச்சேவையின் முதன்மை வேலை அன்று. அவற்றையும் செய்கிறார்கள், ஓரளவு நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் அவர்கள் முன்வைக்கும் சிறப்புக்கூறு இரண்டு: கட்டுரையில் வினைச்சொற்களின் காலம் சீராகவும் பொருத்தமாகவும் இருக்கிறதா என்று பார்ப்பது, இலக்கியத் திறனாய்வுக்குரிய சொற்கள் சரியான பொருளில் வழங்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பது. கட்டுரையைப் பதிவேற்றியதும் முதலில் ஒரு மென்பொருள் அதைக் கடந்துசெல்கிறது. பிறகு ஒரு திருத்துநர் படித்து ஓரக்குறிப்புகள் இடுகிறார். இறுதியில் காலத்துக்கு ஒன்றும் சொல்லுக்கு ஒன்றுமாக இரண்டு தனிக்குறிப்புகள் இணைக்கப்பட்டு வருகின்றன. கூடவே ஒரு கையேடும் கிடைக்கிறது. இந்த மூன்று அடுக்குகளின் தரமும் ஒன்றுபோல் இல்லை. திருத்துநரின் வாசிப்பு பல இடங்களில் மிக உயர்ந்த தரத்தில் இருக்கிறது, கையேடு குழப்புகிறது, மென்பொருள் சில சமயம் கேடு செய்கிறது.

நல்லதிலிருந்து தொடங்குகிறேன். குறுந்தொகையின் 40ஆம் பாடலைப் பற்றி ஒரு மாணவர், “செம்புலப்பெயல்நீரார் தம் காதலியிடம் தம் அன்பை வெளிப்படுத்தினார்” என்று எழுதியிருந்தார். இத்தகைய வாக்கியத்தை வகுப்பறைகளிலும் கருத்தரங்கக் கட்டுரைகளிலும் அன்றாடம் காண்கிறோம். திருத்துநர் அந்த வாக்கியத்தின் ஓரத்தில், இப்பாடலில் பேசுபவர் யார் என்று மட்டும் கேட்டிருந்தார். அதற்கு அடியில், பாடலுடன் தொன்றுதொட்டு வரும் பழங்குறிப்பு இதைத் ‘தலைமகன் கூறியது’ என்றே வகுத்திருப்பதை நினைவூட்டியிருந்தார். அகப்பாடல் எதிலும் பாடியவர் தம் வாழ்க்கையைப் பாடுவதாகக் கொள்வதில்லை. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்று பேசுவோரை வகுத்து, அவர்களில் ஒருவரின் கூற்றாகவே பாடலைப் படிப்பது நம் மரபு. அகத்திணையில் ஒருவரின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்று தொல்காப்பியம் விதித்ததும் இந்த விலகலைக் காப்பதற்காகவே என்று நான் கருதுகிறேன். எழுதியவர் வேறு, பேசுபவர் வேறு என்ற தெளிவை இருபதாம் நூற்றாண்டு மேலைத் திறனாய்வு பெரும் விவாதங்களின் வழியே வலியுறுத்தியது; நமக்கோ அது பாடல்தோறும் ஒட்டிவரும் ஒற்றை வரிக் குறிப்பிலேயே கிடைக்கிறது. இந்த மரபை அறிந்த ஒருவர் மாணவரின் கட்டுரையைப் படித்திருக்கிறார் என்பதே எனக்கு நிறைவளித்தது.

பேசுபவர் யார் என்பது தெளிவானதும் காலம் பற்றிய கேள்வியின் பாதி தீர்ந்துவிடுகிறது. செம்புலப்பெயல்நீரார் என்ற புலவர் ஒரு காலத்தில் வாழ்ந்தார், பாடலை இயற்றினார், அச்செயல் முடிந்துபோனது, அதற்கு இறந்தகாலமே உரியது. தலைவனின் பேச்சு முடிந்துபோவதில்லை. நூலைத் திறக்கும்போதெல்லாம் அவன் பேசுகிறான். எனவே “தலைவன் கூறுகிறான்” என்று நிகழ்காலத்தில் எழுதுவது இயல்பாகிறது. அந்தப் பேச்சுக்குள் வரும் வினைகளுக்கோ அவற்றின் சொந்தக் காலம் இருக்கிறது. இலக்கியக் கட்டுரையில் காலத்தைத் தேர்வது என்றால் இந்த மூன்று தளங்களையும் பிரித்தறிவதுதான். எழுதியவரின் உலகம், பிரதியின் பேச்சு, அப்பேச்சுக்குள் நிகழ்பவை ஆகிய மூன்றுக்கும் ஒரே காலத்தைப் பூசிவிட்டால், வாக்கியங்கள் சீராகத் தோன்றும், ஆனால் கட்டுரை எதைப் பற்றிப் பேசுகிறது என்பது மறைந்துவிடும்.

மென்பொருள் இந்த இடத்தில்தான் தவறுகிறது. அதே கட்டுரையில் மாணவர், “செம்மண்ணில் பெய்த மழைநீரைப் போல நம் நெஞ்சங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன என்று தலைவன் தேற்றுகிறான்” என்று பொருத்தமாகவே எழுதியிருந்தார். மென்பொருள் ‘கலந்துவிட்டன’ என்பதைச் சிவப்பிட்டுக் ‘கலக்கின்றன’ என்று மாற்றியிருந்தது. நிகழ்காலப் பத்தியில் இறந்தகால வினை வந்துவிட்டது என்பது அதன் காரணம். மூலத்தில் இருப்பது ‘தாம் கலந்தனவே’. அந்த இறந்தகாலத்தில்தான் பாடலின் உயிர் இருக்கிறது. இவன் பிரிந்துவிடுவானோ என்று தலைவி அஞ்சுகிறாள். அவளுடைய அச்சம் எதிர்காலத்தைப் பற்றியது. தலைவன் எதிர்காலத்தைப் பற்றி எந்த வாக்குறுதியும் தருவதில்லை. என் தாயும் உன் தாயும் யாரோ, என் தந்தையும் உன் தந்தையும் எம்முறையில் உறவோ, நாம் இருவரும் ஒருவரையொருவர் எவ்வாறு அறிந்தோமோ என்று கேட்டுவிட்டு, நடந்து முடிந்த ஒன்றை மட்டும் சுட்டுகிறான். நெஞ்சங்கள் கலந்தன, செம்மண்ணில் விழுந்த நீரை இனிப் பிரிக்க முடியாது. ‘கலக்கின்றன’ என்று மாற்றினால் கலப்பு இன்னும் முடியவில்லை என்றாகிறது. முடியாதது நின்றும் போகலாம். தலைவியின் அச்சத்துக்கு அது விடையாகாது. காலம் காட்டும் ஓர் இடைநிலையின் மாற்றத்தில் பாடலின் ஆறுதல் முழுவதும் கரைந்துபோகிறது. திருத்துநர் இந்த மாற்றத்தை நீக்காமல் விட்டிருந்தார் என்பது எனக்கு வருத்தமளித்தது, ஏனெனில் அவர் அந்தப் பாடலை நன்கு அறிந்தவர் என்பதற்கு மேலே சொன்ன ஓரக்குறிப்பே சான்று. மென்பொருளின் திருத்தங்களைத் திருத்துநர் மறுபார்வை செய்வதில்லை என்றே இதிலிருந்து எனக்குப் படுகிறது.

கையேட்டுக்கு வருகிறேன். “இலக்கியத்தைப் பற்றி எழுதும்போது எப்போதும் நிகழ்காலத்தையே பயன்படுத்துக” என்ற ஒற்றை விதியிலிருந்து அது தொடங்குகிறது. ஆங்கிலத்தில் இலக்கியக் கட்டுரைக்கு நிகழ்காலம் நிலைபெற்ற வழக்கு என்பது உண்மை, நவீன மொழிச் சங்கத்தின் (எம்.எல்.ஏ.) எழுத்து மரபைப் பின்பற்றுவோர் அப்படித்தான் எழுதுகிறார்கள். அதே ஆங்கிலத்தில் உளவியல், சமூகவியல் போன்ற துறைகள் பின்பற்றும் அமெரிக்க உளவியல் சங்கத்தின் (ஏ.பி.ஏ.) மரபு, முந்தைய ஆய்வுகளைக் குறிப்பிட இறந்தகாலத்தைப் பரிந்துரைக்கிறது. எனவே அங்கும் அது மொழியின் விதி அன்று, ஒரு துறை தனக்கென்று ஏற்படுத்திக்கொண்ட வழக்கு. அந்த வழக்குக்கு நல்ல காரணமும் உண்டு. ஹரால்ட் வைன்ரிஷ் என்ற ஜெர்மானிய மொழியியலாளர் 1964இல் வெளியிட்ட நூலில், சில காலங்கள் கதை சொல்வதற்கும் சில காலங்கள் ஒன்றைப் பற்றி விவாதிப்பதற்கும் உரியவை என்று பிரித்துக் காட்டினார். திறனாய்வாளர் கதை சொல்லவில்லை, கதையைப் பற்றி விவாதிக்கிறார். ஆதலால் நிகழ்காலம் அவருக்குப் பொருந்துகிறது. இந்தக் காரணத்தைக் கையேடு சொல்லியிருந்தால் மாணவர்கள் விதியையும் அதன் எல்லையையும் சேர்த்தே புரிந்துகொண்டிருப்பார்கள். காரணத்தை விட்டு விதியை மட்டும் தந்ததால், அது கண்ட இடமெல்லாம் பாய்கிறது.

ஓர் ஆய்வாளரின் கட்டுரையில் “உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார்” என்ற வாக்கியம் இருந்தது. திருத்தப்பட்ட படியில் அது “பதிப்பிக்கிறார்” என்று ஆகியிருந்தது. ஆண்டு குறிக்கப்பட்ட, நடந்து முடிந்த பதிப்புப் பணி அது. எழுதியவரின் பிறப்பு, இறப்பு, நூல் வெளியான ஆண்டு, அது தடைசெய்யப்பட்ட அல்லது பரிசு பெற்ற நிகழ்ச்சி, பிற்காலத்தார் அதை எவ்வாறு வரவேற்றனர் என்ற வரலாறு ஆகிய அனைத்தும் இறந்தகாலத்துக்கு உரியவை. அதே சாமிநாதையர் தம் முகவுரையில் ஏட்டுப்பிரதிகளைப் பற்றி எழுதியிருப்பதைக் குறிப்பிடும்போது “விளக்குகிறார்” என்று எழுதலாம். முகவுரை இன்றும் நம் முன் இருக்கிறது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் தவறில்லாமல் இணைக்கத் தமிழில் அருமையான வழி உண்டு: “1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த சாமிநாதையர், தமக்குக் கிடைத்த ஏட்டுப்பிரதிகளைப் பற்றி முகவுரையில் விளக்குகிறார்.” பெயரெச்சம் இறந்தகாலத்தைத் தாங்கிக்கொள்கிறது, வினைமுற்று நிகழ்காலத்தில் நிற்கிறது, படிப்பவருக்கு எந்த இடறலும் இல்லை. இத்தகைய வழிகளைக் கையேடு ஓரிடத்திலும் கற்பிக்கவில்லை. தமிழ் வினையின் அமைப்பே தரும் வசதி இது என்பதால், தமிழில் எழுதுவோருக்கான கையேட்டில் இதற்கே முதலிடம் தந்திருக்க வேண்டும்.

வினையெச்சமும் அப்படிப்பட்ட வசதிதான். கதைச் சுருக்கம் எழுதும்போது காலம் தடுமாறுவது மாணவர்களிடம் மிகுதி. சிலப்பதிகார வழக்குரை காதையைப் பற்றிய ஒரு கட்டுரையில், “கண்ணகி அரசவைக்கு வந்தாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று கூறுகிறாள். பிறகு சிலம்பை உடைத்தாள். மாணிக்கம் தெறிக்கிறது. அரசன் உயிர் நீத்தான்” என்று வாக்கியத்துக்கு வாக்கியம் காலம் மாறியது. திருத்துநர் இதைத் திருத்திய விதம் பாராட்டுக்குரியது: “கணவனை இழந்த கண்ணகி அரசவைக்கு வந்து, தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று கூறி, அதை உடைத்துக் காட்டுகிறாள், தெறித்த மாணிக்கத்தைக் கண்ட அரசன் தன் தவற்றை உணர்ந்து உயிர் நீக்கிறான்.” வந்து, கூறி, உடைத்து என்ற எச்சங்கள் காலத்தை முற்றுவினையிடம் ஒப்படைத்துவிட, ‘இழந்த’ என்பது முன்னர் நடந்ததைத் தனியே காட்டுகிறது. ஐந்து வாக்கியங்களின் தடுமாற்றம் இரண்டு முற்றுவினைகளில் அடங்கிவிட்டது. ஒன்றை மட்டும் இங்கே சேர்க்க வேண்டும். எச்சங்களை அளவுக்கு மீறிக் கோத்தால் எந்தச் செயல் கட்டுரையாளரின் வாதத்துக்கு முக்கியமோ அது மற்றவற்றோடு கலந்து மங்கிவிடும். சிலம்பை உடைக்கும் கணத்தைப் பற்றித்தான் கட்டுரை பேசப்போகிறது என்றால், அந்த வினைக்குத் தனி முற்று கொடுப்பதே நல்லது.

அதே காதையில் பாண்டியன் கூறும் “யானோ அரசன் யானே கள்வன்” என்ற தொடரை அந்த மாணவர், “நான் அரசனாக இருந்தேன், இப்போது கள்வனாகிவிட்டேன்” என்று விளக்கியிருந்தார். திருத்துநரின் குறிப்பு, மூலத்தில் வினையே இல்லாத இடத்தில் காலத்தைக் கொண்டுவந்தது ஏன் என்று கேட்டது. எனக்குத் தெரிந்தவரை இப்படியொரு கேள்வியை எந்தத் திருத்தச் சேவையும் எழுப்பியதில்லை. அந்தத் தொடரில் முன்பு, பின்பு என்ற வரிசை இல்லை. அரசன் என்ற பெயரும் கள்வன் என்ற பெயரும் ஒருவன்மீதே ஒருங்கே வந்து மோதுகின்றன. ‘ஓ’ ஒன்றைப் பறிக்கிறது, ‘ஏ’ மற்றொன்றை உறுதிசெய்கிறது. ‘இருந்தேன்’, ‘ஆகிவிட்டேன்’ என்ற சொற்கள் அந்த மோதலைப் படிப்படியான மாற்றமாக ஆக்கிவிடுகின்றன. காலமே காட்டாத பெயர்ப்பயனிலைகளும் குறிப்பு வினைகளும் தமிழ்க் கவிதையில் எங்கும் நிறைந்திருக்கின்றன. அவற்றை உரைநடைப்படுத்தும்போது தேவையில்லாத காலத்தை ஏற்றாமல் இருப்பதும் காலத்தைத் தேர்வதன் ஒரு பகுதிதான்.

கையேட்டின் பெருங்குறை, ‘செய்யும்’ என்ற வாய்பாட்டை முழுவதும் எதிர்காலமாகவே கொண்டிருப்பது. “இவருடைய சிறுகதைகள் பெரும்பாலும் உரையாடலில் தொடங்கும், முடிவு வாசகரிடம் விடப்படும்” என்று ஓர் ஆய்வாளர் எழுதியதை மென்பொருள் ‘தொடங்குகின்றன’, ‘விடப்படுகிறது’ என்று மாற்றியது. பொருள் பெரிதும் கெடவில்லை, உண்மைதான். ஆயினும் ஓர் எழுத்தாளரின் வழக்கத்தை, பல படைப்புகளிலும் மீண்டும் மீண்டும் வரும் இயல்பைக் குறிக்கத் தமிழில் மிக இயற்கையான வடிவம் ‘தொடங்கும்’ என்பதே. மூன்று காலத்துக்கும் ஒத்து நிகழும் பொருளை நிகழ்காலப் பொதுச்சொல்லால் கூற வேண்டும் என்று தொல்காப்பிய வினையியல் விதிக்கிறது. உரையாசிரியர்கள் ‘மலை நிற்கும்’ என்பது போன்ற எடுத்துக்காட்டுகளால் அதை விளக்கினர். நன்னூலும் அதே கருத்தைத் தனி நூற்பாவில் சொல்கிறது. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகியவை காரணமாகக் காலங்கள் ஒன்றன் இடத்தில் ஒன்று வரலாம் என்று அடுத்தும் கூறுகிறது. ஒரே ஒரு பாடலில் நிகழ்வதைச் சொல்ல ‘தொடங்குகிறது’, ஒருவரின் எழுத்து முழுவதற்கும் உரிய இயல்பைச் சொல்ல ‘தொடங்கும்’ என்ற வேறுபாடு கட்டுரையாளரின் கையில் உள்ள கூரிய கருவி. அதை மழுங்கடிப்பதற்குக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கையேடு எண்ணிப்பார்த்திருக்கலாம். நம் உரையாசிரியர்கள் நூலாசிரியரின் கருத்தைப் பெரும்பாலும் இறந்தகாலத்தில்தான் எடுத்துரைத்தார்கள். பரிமேலழகரின் உரையில் ‘என்றார்’ என்ற முடிபு எத்தனை இடங்களில் வருகிறது என்பதை அதைப் படித்தவர் அறிவர். ‘தலைமகன் கூறியது’ என்ற பழங்குறிப்பிலும் இறந்தகாலமே இருக்கிறது. இன்றைய உரைநடையில் ‘என்கிறார்’ மேலோங்கியிருப்பதை நான் வரவேற்கிறேன். அது பிரதியை நம் முன்னிலையில் வைக்கிறது. ஆனால் பழைய முறையில் ‘என்றார்’ என்று சீராக எழுதும் ஒருவரைத் தவறிழைத்தவராகக் காட்டுவது மரபறியாமை. ஒரு கட்டுரைக்குள் இரண்டும் காரணமின்றிக் கலப்பதுதான் குறை.

காலத்தைப் பொறுத்தவரை திருத்துநர் செய்த மற்றொரு நல்ல பணி, செய்தித்தாள் நடையிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட ‘கூறியுள்ளார்’, ‘எழுதியுள்ளார்’, ‘சித்தரித்துள்ளார்’ ஆகியவற்றைக் களைந்தது. ‘உள்ளார்’ என்ற முடிபு, அண்மையில் வெளிவந்த அறிக்கையைத் தெரிவிக்கும் தொனியைக் கட்டுரைக்குத் தருகிறது. “இளங்கோவடிகள் நகர வாழ்வைச் சித்தரித்துள்ளார்” என்று எழுதும்போது அடிகள் நேற்று வெளியிட்ட ஒன்றைப் பற்றிக் கேள்விப்படுவது போலிருக்கிறது. ஆனால் இதற்கு ஒரு விலக்கும் உண்டு. திருத்துநர் அதை அறிந்தே இருக்கிறார். ஒரு சிக்கலைப் பற்றி முன்னர் பலரும் ஆராய்ந்து, அவ்வாய்வுகளின் பயன் இன்றும் நீடிக்கிறது என்று சொல்லும்போது “பலர் ஆராய்ந்திருக்கிறார்கள்” என்பதே பொருந்தும். அந்த இடங்களில் அவர் கைவைக்கவில்லை.

சொற்களைப் பற்றிய தனிக்குறிப்பு இச்சேவையின் மிகப் பயனுள்ள பகுதி. கூற்று வினைகளில் திருத்துநர் காட்டும் கவனம் மாணவர்களை உண்மையாகவே மாற்றியிருக்கிறது. குறிப்பிடுகிறார், சுட்டுகிறார், வலியுறுத்துகிறார், வாதிடுகிறார், நிறுவுகிறார், உணர்த்துகிறார் ஆகியவற்றை ஒன்றுக்கொன்று மாற்றாக, ஒரே சொல் திரும்ப வராமல் இருப்பதற்காக மட்டும், மாணவர்கள் வழங்குகிறார்கள். போகிறபோக்கில் சொல்லப்பட்ட ஒன்றுக்குக் ‘குறிப்பிடுகிறார்’ போதும். சான்றுகளை அடுக்கி முடிவுக்கு வந்தால்தான் ‘நிறுவுகிறார்’. வெளிப்படையாகச் சொல்லாமல் பொருள் தோன்றுமாறு வைத்திருந்தால் ‘உணர்த்துகிறார்’. ஒரு கவிதை எதையும் ‘நிரூபிப்பதில்லை’. அதில் ஒருவர் எதையோ உணர்கிறார், வேண்டுகிறார், மறுக்கிறார். ‘விமர்சிக்கிறார்’ என்பதைக் கண்டிக்கிறார் என்ற பொருளில் வழங்குவதையும் அவர் தொடர்ந்து திருத்துகிறார். ‘தத்ரூபமாக’, ‘மிக அழகாக’, ‘கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிறார்’ போன்ற பாராட்டுச் சொற்களை அடித்துவிட்டு, அழகு எந்தச் சொல்லில் இருக்கிறது என்று காட்டும்படி கேட்கிறார். கடுமையாகத் தோன்றினாலும் இது நல்ல ஆசிரியரின் கேள்வி.

உவமை, உருவகம், படிமம், குறியீடு ஆகியவற்றின் குழப்பமும் இதே முறையில் தெளிவாக்கப்படுகிறது. செம்புலப் பெயல்நீரைக் குறியீடு என்று மாணவர் எழுதியதற்கு, ‘போல’ என்ற உவம உருபு பாடலிலேயே இருப்பதைச் சுட்டி, முதலில் உவமை என்று ஏற்றுக்கொண்டு அதன்பின் வேறு பொருள் இருக்கிறதா என்று பார்க்குமாறு குறிப்பெழுதப்பட்டிருந்தது. பெரிய பெயர்களைச் சூட்டும் முன் எளிய பெயர் போதுமா என்று பார்ப்பது நல்ல பழக்கம். ‘உள்ளுறை’, ‘இறைச்சி’ ஆகிய நம் கலைச்சொற்களைச் சங்கப் பாடல்களுக்கு வெளியே, தற்கால நாவலில் வரும் எந்த மறைபொருளுக்கும் வழங்குவதையும் அவர் கேள்வி கேட்கிறார். கருப்பொருளை அடியாகக் கொண்டு எழும் பொருளுக்கு உரிய சொற்கள் அவை. விரிவாக்கி வழங்குவதானால் கட்டுரையாளர் அந்த விரிவை விளக்க வேண்டும் என்பது அவர் நிலை. நானும் அதையே சொல்வேன்.

மரியாதை விகுதி பற்றிக் கையேடு ஒன்றும் சொல்லவில்லை என்பது வியப்பளிக்கிறது, ஏனெனில் தமிழில் இலக்கியக் கட்டுரை எழுதும் ஒவ்வொருவரும் முதல் பத்தியிலேயே இந்தக் கேள்வியைச் சந்திக்கிறார். எழுத்தாளருக்கு ‘-ஆர்’, கதைமாந்தருக்கு ‘-ஆன்’, ‘-ஆள்’ என்பது பொதுவழக்கு: இளங்கோவடிகள் பாடுகிறார், கண்ணகி வழக்குரைக்கிறாள். ‘கம்பன் பாடுகிறான்’ என்று உரிமையோடு எழுதும் மரபும் உண்டு; அதைத் தேர்ந்தால் கட்டுரை முழுவதும் அப்படியே செல்ல வேண்டும். கையேடு விட்ட இந்த இடத்தைத் திருத்துநர் ஒரு கட்டுரையில் அழகாக நிரப்பினார். திருப்பாவையைப் பற்றி எழுதிய மாணவி ‘ஆண்டாள் பாடுகிறார்’ என்றும் ‘ஆண்டாள் தோழியரை எழுப்புகிறாள்’ என்றும் மாறிமாறி எழுதியிருந்தார். திருத்துநர் ஒன்றை மற்றொன்றாக்கிச் சமப்படுத்தவில்லை. பாசுரங்களை இயற்றியவரைக் குறிக்கும் இடங்களில் ‘ஆண்டாள் பாடுகிறார்’ என்றும், பாசுரத்துக்குள் ஆயர்பாடிச் சிறுமியாகப் பேசும் குரலைக் குறிக்கும் இடங்களில் ‘எழுப்புகிறாள்’, ‘அழைக்கிறாள்’ என்றும் நிலைப்படுத்துமாறு பரிந்துரைத்தார். எழுதியவர், பேசுபவர் என்ற வேறுபாட்டை ஒரே எழுத்தின் மாற்றத்தால் காட்டிவிடக்கூடிய மொழியில் நாம் எழுதுகிறோம். அந்த வாய்ப்பை இவ்வளவு நுட்பமாகப் பயன்படுத்தக் கற்றுத்தரும் ஒருவருக்காகவே இச்சேவையைப் பரிந்துரைக்கலாம் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

சொல்லிலும் மென்பொருள் தன் வழக்கமான கேட்டைச் செய்கிறது. ‘நாவல்’ என்பதைப் ‘புதினம்’ என்றும் ‘கதாபாத்திரம்’ என்பதைக் ‘கதைமாந்தர்’ என்றும் அது மாற்றுகிறது. எதை வழங்குவது என்பது எழுதுபவரின் விருப்பம். இரண்டு சொற்களும் தமிழ் வாசகர் அறிந்தவையே. இது சிறு தொல்லை. ‘பிரதி’ என்பதை எங்கு கண்டாலும் ‘பனுவல்’ என்று மாற்றியது சிறு தொல்லை அன்று. திறனாய்வில் பிரதி என்பதற்குப் பனுவல் ஈடாகலாம். பதிப்பு வரலாற்றைப் பற்றிய கட்டுரையில் ‘ஏட்டுப்பிரதி’ என்பது ‘ஏட்டுப்பனுவல்’ ஆகும்போது, நகல் என்ற பொருள் அறவே போய்விடுகிறது. “இரண்டு ஏட்டுப்பிரதிகளில் இவ்வடி வேறுபடுகிறது” என்ற தெளிவான வாக்கியம், இரண்டு தனி நூல்களைப் பற்றிய வாக்கியமாகிவிட்டது. இதைவிடப் பெரிய குற்றம், மேற்கோள் குறிகளுக்குள் இருந்த சொற்களையும் அது மாற்றியதுதான். ஒரு திறனாய்வாளரின் வாக்கியத்தை ஆய்வாளர் அப்படியே எடுத்தாண்டிருக்க, அதிலுள்ள ‘நாவல்’ ‘புதினம்’ ஆகியிருந்தது. பிறர் கூற்றைச் சொல் மாற்றி அவர் பெயரிலேயே வெளியிடுவது ஆய்வறத்துக்கு முரணானது. ஆய்வாளர் கவனிக்காமல் விட்டிருந்தால் பழி அவர்மீதுதான் விழுந்திருக்கும்.

இதைச் சேவைக்கு எழுதித் தெரிவித்தோம். மறுமொழி விரைவாகவும் பணிவாகவும் வந்தது; அந்தக் கட்டுரையை மீண்டும் முழுவதுமாகப் படித்து மேற்கோள்களை மூலநிலைக்குத் திருப்பித் தந்தார்கள். மென்பொருளை மாற்றுவதைப் பற்றி ஏதும் சொல்லவில்லை. பின்னர் அனுப்பிய கட்டுரைகளில் மேற்கோள்கள் தீண்டப்படாமல் வந்தன என்றாலும், காலமாற்றங்கள் முன்போலவே தொடர்கின்றன.

யாருக்கு இச்சேவை பொருந்தும் என்று கேட்டால், ஒரு குறிப்பிட்ட பாடலையோ கதையையோ நெருங்கிப் படித்து எழுதப்பட்ட கட்டுரைக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பேசுபவர், எழுதியவர், கூற்று வினை, அணிப்பெயர் ஆகியவற்றில் இத்தனை கவனமான வாசிப்பு எளிதில் கிடைப்பதில்லை. இலக்கிய வரலாறு, பதிப்பு வரலாறு, வாழ்க்கை வரலாறு பற்றிய கட்டுரைகளுக்கு இப்போதைய நிலையில் பரிந்துரைக்க மாட்டேன். இறந்தகாலத்தில் நிற்க வேண்டிய வினைகளை ஒவ்வொன்றாக மீட்டெடுப்பதற்குச் செலவாகும் நேரம், திருத்தத்தால் கிடைக்கும் பயனை விழுங்கிவிடுகிறது. மொழிபெயர்ப்பு ஒப்பீட்டுக் கட்டுரைகளை அவர்கள் ஏற்பதில்லை.

பயன்படுத்த முடிவுசெய்பவர்களுக்கு நடைமுறையில் சில வழிகள் உதவுகின்றன. என் மாணவர்கள் கட்டுரையின் தலைப்புக்கு மேல் ஒரு பத்தியைச் சேர்த்தே அனுப்புகிறார்கள்: மேற்கோள் குறிக்குள் உள்ள எதையும் மாற்ற வேண்டாம், ஆண்டு குறிக்கப்பட்ட வாக்கியங்களின் வினையை மாற்ற வேண்டாம், பாடலின் பொருளை எடுத்துரைக்கும் வாக்கியங்களில் வரும் காலம் மூலத்தின் காலத்தைப் பின்பற்றியது, ‘செய்யும்’ வாய்பாட்டு வினைகள் வழக்கத்தைக் குறிக்கத் தெரிந்தே இடப்பட்டவை. பாடல் முழுவதையும் பின்னிணைப்பாகச் சேர்த்தால் திருத்துநரின் குறிப்புகள் இன்னும் கூர்மையாகின்றன; மூலத்தை உடன்வைத்துப் படிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கிறது. திரும்பிவந்த படியில் மென்பொருளின் மாற்றங்களும் திருத்துநரின் மாற்றங்களும் வெவ்வேறு நிறத்தில் காட்டப்படுகின்றன. முன்னதை ஒட்டுமொத்தமாக ஏற்கும் பொத்தானை அழுத்தாமல், ஒவ்வொரு வினையையும் பாடலோடு வைத்துப் பார்த்தே ஏற்கவோ நீக்கவோ வேண்டும்.